தடிமனுக்கு ரசம்: வாசகர் கேள்வி – பதில்

கார்த்திகை பிறந்ததிலிருந்து திருகோணமலையில் வெயில் எறித்த நாட்களை விரல்விட்டு எண்ணலாம். இந்த மாதம் எனக்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் தடிமன், இருமல், காய்ச்சல் பற்றியவை. அதற்கு வீட்டில் வைக்கும் ரசம், சூப், கஞ்சி பற்றித்தான் எல்லாரும் கேட்டிருக்கிறீர்கள். நான் 31 வருடம் அரச ஆஸ்பத்திரி வார்டுகளில் தாதியாக வேலை செய்தவள். அதற்கு முன்பே, உப்புவெளியில் அம்மம்மாவின் குசினியில், ரசச் சட்டிக்குப் பக்கத்தில் குந்தியிருந்து வளர்ந்தவள். இரண்டு இடத்திலும் படித்ததை வைத்துத்தான் பதில் எழுதுகிறேன். வந்த வரிசையை மாற்றி ஒரு கடிதத்தை முதலில் வைத்திருக்கிறேன். வாசித்தால் காரணம் விளங்கும்.

என் கணவர் பெரும்போக விதைப்புக்கு வயலில் நின்றுவிட்டு வந்தவர். மூன்று நாளாகக் காய்ச்சல். மூக்கு ஓடவில்லை, இருமலும் இல்லை. கெண்டைக்கால் சதை நோகிறது என்கிறார், கண்ணும் சிவந்திருக்கிறது. மிளகு ரசமும் கொத்தமல்லித் தண்ணியும் கொடுக்கிறேன். பனடோல் போட்டால் இறங்குகிறது, பிறகு ஏறுகிறது. ரசத்தில் இன்னும் என்ன சேர்க்கலாம்?
– ஒரு சகோதரி, தம்பலகாமம்

கடிதம் கிடைத்த அன்றே நீங்கள் எழுதியிருந்த இலக்கத்துக்கு எடுத்துப் பேசினேன். அன்று பின்னேரமே அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டதாக மறுநாள் சொன்னீர்கள். இரவு எனக்கு நித்திரை வந்தது அதற்குப் பிறகுதான். இருந்தாலும் கேள்வியை அச்சில் போடச் சொன்னேன். இதே நிலையில் இன்னும் எத்தனை வீடுகளில் ரசச் சட்டி அடுப்பில் இருக்கிறதோ தெரியாது.

தடிமன் என்றால் மூக்கில் தொடங்கும். தும்மல், தொண்டைக் கரகரப்பு, மூக்கு ஓடுவது, பிறகு இருமல் என்று மெல்ல மெல்ல வரும். இன்புளுவென்சா திடீரென்று அடிக்கும். காலையில் நன்றாக இருந்தவர் பின்னேரம் உடம்பு முறிகிறது என்று படுத்துவிடுவார். ஆனால் அதிலும் பெரும்பாலும் இருமலோ தொண்டை நோவோ கூடவே இருக்கும். மூக்கும் தொண்டையும் சும்மா இருக்க, காய்ச்சல் மட்டும் கொதிக்கிறது என்றால் அதைத் தடிமன் காய்ச்சல் என்று நினைத்துவிடாதீர்கள். வயல்காரருக்கு, கெண்டைக்கால் நோவும் கண் சிவப்பும் சேர்ந்து வந்தால் முதலில் நினைக்க வேண்டியது எலிக்காய்ச்சல். எலியின் சிறுநீர் கலந்த வயல் தண்ணியில் நிற்கும்போது, காலில் உள்ள சின்னக் கீறல் வழியாகக் கிருமி உள்ளே போகிறது. ஆரம்பத்திலேயே பிடித்தால் சாதாரண அன்ரிபயோட்டிக் மருந்திலேயே மாறிவிடும். பிந்தினால் சிறுநீரகத்தையும் ஈரலையும் பிடிக்கும். விதைப்புக்கு இறங்க முன்னர் உங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேளுங்கள். ஆபத்து உள்ளவர்களுக்கு வாரம் ஒருமுறை போடும் தடுப்பு மாத்திரை உண்டு.

மற்றது டெங்கு. இதை எழுதும்போது என் தம்பியின் முகம் கண்ணுக்குள் வருகிறது. 2017 இல் நாடு முழுவதும் 1 லட்சத்து 86 ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் டெங்கு நோயாளிகளாகப் பதிவானார்கள். அந்த வருடத் தொடக்கத்தில் எங்கள் மாவட்டத்தில், கிண்ணியாப் பக்கம், மிக மோசம். அந்த நேரம்தான் தம்பிக்குக் காய்ச்சல் வந்தது. நான் தாதி, அவன் என் வீட்டில், என் கையால் மூன்று நாள் கோழி ரசம். நாலாம் நாள் காலையில் காய்ச்சல் விட்டுவிட்டது. ரசம் வேலை செய்துவிட்டது என்று அம்மாவுக்குத் தொலைபேசியில் சொன்னேன். பின்னேரம் வயிற்று நோ. கையைத் தொட்டால் ஜில்லென்று இருந்தது. டெங்குவில் காய்ச்சல் இறங்கும் நேரம்தான் ஆபத்தான நேரம் என்று எத்தனை பேருக்கு வார்டில் சொல்லிக் கொடுத்தவள் நான்! ஓட்டோ பிடித்து ஓடினோம். இரண்டு நாள் விசேட பராமரிப்பில் இருந்து தப்பி வந்தான்.

ஆகவே காய்ச்சல் தொடங்கிய நாளைக் கலண்டரில் வட்டமிடுங்கள். மூன்றாம் நாளுக்குள் டொக்டரிடம் காட்டி முழு இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். கர்ப்பிணி, கைக்குழந்தை, வேறு வருத்தமுள்ளவர் என்றால் முதல் நாளே போகவேண்டும். பனடோல் தவிர வேறு நோ மாத்திரை வேண்டாம். ஐபுபுரோபன், டைக்குளோபினாக், அஸ்பிரின் இவை டெங்குவில் இரத்தக் கசிவைக் கூட்டும். கடும் வயிற்று நோ, விடாத சத்தி, முரசில் இரத்தம், கைகால் குளிர்வது, 6 மணித்தியாலமாகச் சிறுநீர் போகாமல் இருப்பது, இதில் எது வந்தாலும் பொழுது விடியும்வரை பார்த்திருக்க வேண்டாம். அந்த மூன்று நாளும் ரசம், கஞ்சி, இளநீர், ஜீவனி எல்லாம் தாராளமாகக் கொடுக்கலாம், கொடுக்கவும் வேண்டும். வளர்ந்தவர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு எல்லாமாக இரண்டரை லீற்றர் அளவில் உள்ளே போனால் நல்லது. தனித் தண்ணி மட்டும் போதாது. ஆனால் பீற்றூட் சூப், மைலோ, கோப்பி மாதிரிச் சிவப்பும் மண்ணிறமுமானவை வேண்டாம். சத்தி எடுத்தால் அது இரத்தமா, குடித்ததா என்று பார்ப்பவருக்குத் தெரியாது.

என் மாமியார் ‘கோழி சூப் வைத்துக் குடித்தால் தடிமன் மாறும்’ என்கிறார். கணவர் ‘அதெல்லாம் சும்மா நம்பிக்கை’ என்கிறார். வீட்டில் தினமும் இதுதான் பேச்சு. யார் சரி, அக்கா?
– சாம்பல்தீவு

தங்கச்சி, மாமியார் பக்கம் கொஞ்சம் கூடச் சாய்கிறேன். ஆனால் ‘மாறும்’ என்ற சொல்லில் கணவர் சொல்வதும் சரி.

தடிமன் வைரஸால் வருவது. பெரும்பாலும் ரைனோ வைரஸ். அதில் மட்டும் 160 வகைக்கு மேல் இருக்கின்றன. அதனால்தான் போன மாதம் வந்தது இந்த மாதமும் வருகிறது. அந்த வைரஸைக் கொல்லும் சூப் எந்தக் குசினியிலும் இல்லை. அன்ரிபயோட்டிக்கும் அதைக் கொல்லாது, அது பக்டீரியாவுக்கான மருந்து. ஏழு முதல் பத்து நாளில் உடம்பே தடிமனைத் துரத்திவிடும். அந்தப் பத்து நாளையும் எப்படிக் கழிப்பது என்பதில்தான் சூப்பின் வேலை இருக்கிறது. அது சின்ன வேலை இல்லை.

1978 இல் அமெரிக்காவில் சில வைத்தியர்கள் சுகமாக இருந்த 15 பேரை இருத்தி, சுடுதண்ணி, குளிர்தண்ணி, கோழி சூப் மூன்றையும் வெவ்வேறு நேரம் குடிக்கக் கொடுத்து, மூக்குக்குள் சளி நகரும் வேகத்தை அளந்தார்கள். கோழி சூப் குடித்தபோது நிமிடத்துக்கு 6.9 மில்லிமீற்றராக இருந்தது 9.2 ஆகக் கூடியது. சுடுதண்ணிக்கு 6.2 இலிருந்து 8.4. குளிர்தண்ணிக்கோ 7.3 இலிருந்து 4.5 ஆகக் குறைந்தது. சளி வேகமாக நகர்ந்தால் மூக்கடைப்புத் தளரும், கிருமியும் அதோடு வெளியே போகும். ஆனால் அரை மணித்தியாலத்தில், குளிர்தண்ணியைத் தவிர மற்றதெல்லாம் பழைய நிலைக்கு வந்துவிட்டது. அம்மம்மா ஒரே தரம் ஒரு செம்பு நிறையத் தரமாட்டார். சின்னக் கோப்பையில் ஒன்று, கொஞ்சம் பொறுத்து இன்னொன்று, பிறகு படுக்கப் போகும்போது ஒன்று என்று தருவார். இந்த ஆய்வை வாசித்த அன்று எனக்கு அவருடைய அந்தக் கோப்பைதான் ஞாபகம் வந்தது.

பிறகு 2000 இல் வெளிவந்த ஓர் ஆய்வுக்காக, நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்து ஸ்டீபன் ரெனார்ட் என்ற வைத்தியர், தன் மனைவியின் பாட்டி வைக்கும் முறையிலேயே வீட்டில் கோழி சூப் வைத்து ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோனார். எங்கள் இரத்தத்தில் இருக்கும் ஒரு வகை வெள்ளணுக்கள் தடிமன் நேரத்தில் மூக்கிலும் தொண்டையிலும் கூட்டமாக வந்து நிற்பதால்தான் வீக்கமும் சளியும் கூடுகிறது. அந்த அணுக்களின் ஓட்டத்தை சூப் கொஞ்சம் மட்டுப்படுத்தியது. இது கண்ணாடிக் கிண்ணத்தில் பார்த்தது, நோயாளியின் உடம்பில் பார்த்தது அல்ல. அதை மறைக்காமல் கணவருக்குச் சொல்லுங்கள்.

வார்டில் நான் கண்டதையும் சொல்கிறேன். காய்ச்சல்காரருக்குப் பசி இருக்காது, தாகமும் சரியாகத் தெரியாது. சோற்றைக் கண்டால் முகத்தைத் திருப்புவார். தண்ணி குடி என்றால் இரண்டு மிடறோடு வைத்துவிடுவார். ஆனால் மிளகும் உள்ளியும் மணக்கிற ரசத்தைக் கொண்டுபோய்ப் பக்கத்தில் இருந்தால், ஒரு கோப்பை உள்ளே போய்விடும். தண்ணி, உப்பு, கொஞ்சம் புரதம், சூடு, எல்லாம் ஒரே வழியில் போகிறது. மிளகு மூக்கைத் திறந்து ஓட வைக்கும். அதோடு, யாரோ ஒருவர் தனக்காக அடுப்படியில் நின்றார் என்பது படுத்திருப்பவருக்குத் தெரிகிறது. மாமியார் அடுத்த முறை வைக்கும்போது கணவருக்கும் ஒரு கோப்பை கொடுத்துப் பாருங்கள்.

நான் வவுனியாவிலிருந்து வந்து கோணேசபுரி வளாகத்தில் படிக்கிறேன். நிலாவெளியில் அறை. இருப்பது ஒரு ரைஸ் குக்கர் மட்டும். தடிமன் வந்தால் கடையில் சூப் பக்கற் வாங்கிக் கரைத்துக் குடிக்கிறேன். அம்மா வைப்பது மாதிரி வரவில்லை. எனக்குச் செய்யக்கூடிய மாதிரி ஏதாவது சொல்லுங்கள் அன்ரி.

தம்பி, ரைஸ் குக்கரில் அருமையாக ரசம் வைக்கலாம். பொறுமையாக எழுதுகிறேன், வெட்டி எடுத்து அறைச் சுவரில் ஒட்டிவிடுங்கள்.

கடையில் கோழி வாங்கும்போது எலும்போடு கால் பகுதி கேளுங்கள், 350 கிராம் அளவில் போதும். நெஞ்சுச் சதையில் சாறு இறங்காது. ஊர்க்கோழி என்றால் ருசி வேறு, ஆனால் ஒன்றரை மணித்தியாலம் அவிய வேண்டும். புரொயிலர் என்றால் முக்கால் மணித்தியாலம். குக்கருக்குள் கோழியைப் போட்டு ஐந்து கோப்பை, அதாவது ஒரு லீற்றர் பச்சைத்தண்ணி விடுங்கள். கொதிதண்ணியில் போடக்கூடாது. குளிர்ந்த தண்ணியில் தொடங்கி மெல்லச் சூடேறினால்தான் எலும்பின் சாறு தண்ணியில் இறங்கும். உங்கள் குக்கர் சின்னது என்றால் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள், நுரைத்துப் பொங்கும். மூடியைக் கொஞ்சம் நீக்கி வையுங்கள். முதல் கொதியில் மேலே வரும் சாம்பல் நிற நுரையைக் கரண்டியால் அள்ளி எறிந்துவிடுங்கள்.

அது அவியும்போது சரக்கைத் தயார் செய்யலாம். கொத்தமல்லி 2 தேக்கரண்டி, மிளகு 1 தேக்கரண்டி, நற்சீரகம் 1 தேக்கரண்டி, ஒரு செத்தல் மிளகாய். அம்மியும் உரலும் அறையில் இருக்காது. தடித்த பொலித்தீன் பையில் போட்டு, போத்தல் அடியால் இடியுங்கள். மாவாக வேண்டாம், ஒன்றிரண்டாக உடைந்தால் போதும். மாவாக அரைத்தால் ரசம் குழம்பு மாதிரித் தடித்துவிடும். பிறகு உள்ளி 6 பல், பெருவிரல் நுனியளவு இஞ்சி, சின்ன வெங்காயம் 5, இவற்றையும் தட்டுங்கள். உள்ளியைத் தட்டிய கையோடு போடவேண்டாம், பத்து நிமிடம் அப்படியே வையுங்கள். உள்ளி நசுங்கினால்தான் அதன் காரமான சத்து உண்டாகிறது. உடனே கொதியில் போட்டால் அது உண்டாக முன்னரே அடங்கிவிடும்.

கோழி வெந்ததும் சரக்கு எல்லாவற்றையும் போட்டு, கால் தேக்கரண்டி மஞ்சள், அரைத் தேக்கரண்டி உப்பு, ஒரு நெட்டுக் கறிவேப்பிலை சேர்த்துப் பத்து நிமிடம் மட்டும் கொதிக்க விடுங்கள். சரக்கைத் தொடக்கத்திலேயே போட்டால் மணம் முழுக்க அறைக்குள் போய்விடும், கோப்பைக்குள் இருக்காது. குக்கரை நிற்பாட்டி, கொதி அடங்கிய பிறகு அரைத் தேசிக்காய் பிழியுங்கள். கொதிக்கும்போது பிழிந்தால் கைக்கும். அம்மா பழப்புளி விடுவார் என்றால், சுண்டைக்காயளவு புளியைக் கரைத்து, சரக்கோடு சேர்த்தே விட்டுவிடலாம்.

முதல் கோப்பையை வடித்துச் சும்மா குடியுங்கள். அடுத்த நேரம் மிச்ச ரசத்தில் ஒரு கைப்பிடி குத்தரிசி போட்டுக் குழைய அவித்தால் கோழிக் கஞ்சி. பாணைத் தோய்த்தும் சாப்பிடலாம். இரவுக்கு வைப்பதானால் குக்கரைச் ‘சூடு’ நிலையிலேயே விடுங்கள், மூடியைத் திறந்து திறந்து பார்க்க வேண்டாம். நிற்பாட்டிவிட்டு, ‘காலையில் சூடாக்கிக் குடிக்கலாம்’ என்று படுக்கப் போகக்கூடாது. எங்கள் ஊர் வெக்கையில் இறைச்சி ரசம் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் வெளியே இருந்தால் பழுதாகத் தொடங்கும். சில கிருமிகளின் வித்து முதல் கொதியிலும் சாகாது. தடிமனோடு வயிற்றோட்டமும் வந்து படுத்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

காய்ச்சலும் இருந்தால், பக்கத்து அறைப் பிள்ளை ஒருவருக்காவது சொல்லிவிட்டுப் படுங்கள் தம்பி. அம்மாவுக்கும் ஒரு கோல் எடுங்கள்.

நாங்கள் சைவம். மார்கழியில் திருவெம்பாவைக்கு விடியப்புறம் நாலு மணிக்கு முழுகி, பத்திரகாளி அம்மன் கோயிலுக்குப் போவோம். வருடா வருடம் தடிமன் பிடிக்கிறது. கோழியில்தான் பலன் என்றால் எங்களுக்கு வழி இல்லையா?
– திருகோணமலை நகர்

வழி இல்லாமல் என்ன அம்மா! மேலே சொன்ன 2000 ஆம் ஆண்டு ஆய்வில் சூப்பில் போட்ட மரக்கறிகளையும் தனித்தனியாகச் சோதித்தார்கள். வெங்காயம், கரட், வற்றாளை என்று ஒவ்வொன்றுக்கும் அந்தக் குணம் கொஞ்சம் இருந்தது. தண்ணியும் சூடும் மிளகும் எல்லாருக்கும் பொதுதானே.

சைவ ரசத்தில் குறைவது புரதம் ஒன்றுதான். அதற்கு மைசூர்ப் பருப்பு ஒரு கைப்பிடி எடுத்து, ஐந்து கோப்பை தண்ணியில் மஞ்சளோடு கரைய அவியுங்கள். அந்தத் தண்ணியில் இடித்த சரக்கைப் போட்டுக் கொதிக்கவைத்து, இறக்கும்போது ஒரு பிடி முருங்கையிலை. இலை போட்டு இரண்டு நிமிடத்துக்கு மேல் அடுப்பில் வேண்டாம். வீட்டு வேலியில் தூதுவளை இருந்தால் ஏழெட்டு இலையை நெய்யில் வதக்கிச் சேருங்கள், முள்ளைப் பார்த்துக் கிள்ளவேண்டும். முடக்கொத்தான் ரசமும் நல்லதுதான், ஆனால் கூடப் போட்டால் வயிறு இளகும். முழு நாள் கோயிலில் நிற்பவர்களுக்கு அது வேண்டாம். விரதத்துக்கு உள்ளியும் வெங்காயமும் விலக்கு என்றால் வேர்க்கொம்பும் மிளகும் கூடப் போட்டால் போதும்.

விடியப்புறம் முழுகுவதால் தடிமன் உண்டாகிறது என்று சொல்லமாட்டேன். தடிமன் வருவது இன்னொருவரிடமிருந்து. மடத்தில் நெருக்கமாக இருந்து பாடும்போது ஒருவர் தும்மினால் பத்துப் பேருக்குப் போகும், அவர் தொட்ட செம்பைத் தொட்டாலும் வரும். முழுகினால் தலையை நன்றாகத் துவட்டுங்கள். கோயிலால் வந்ததும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள். தடிமன் பிடித்தவர் அன்று வீட்டிலிருந்து பாடினாலும் அம்பாளுக்குக் கேட்கும்.

உம்மாவுக்கு 71 வயது. பிரஷரும் சீனி வருத்தமும் உண்டு. தடிமன் வந்தால் சூப் கட்டி போட்டு மரக்கறி சூப் வைத்துக் கொடுக்கிறோம். விருப்பமாகக் குடிக்கிறார். கொடுக்கலாமா?
– கிண்ணியா

சூப் கொடுங்கள் மகள். அந்தக் கட்டியை மட்டும் விடுங்கள். பெட்டியைத் திருப்பி, அதில் என்னென்ன இருக்கிறது என்று வாசியுங்கள். பல கட்டிகளில் முதலாவதாக எழுதியிருப்பது உப்புத்தான். ஒரு நாள் முழுவதற்கும் ஒருவர் எடுக்கும் உப்பு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் இருக்கவேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. கறி, சம்பல், கருவாடு என்று அதில் பெரும்பங்கு ஏற்கெனவே போய்விடுகிறது. அதற்கு மேல் கட்டியும் போட்டால் பிரஷர் ஏறும்.

உப்புக் குறைந்தால் உம்மாவுக்குப் பிடிக்காது என்று பயப்பட வேண்டாம். இறக்கியபின் தேசிக்காய்ப் புளியைக் கொஞ்சம் கூட விட்டு, மிளகை மேலே தூவுங்கள். நாக்கு உப்பைத் தேடாது. நோன்பு மாதத்தில் உங்கள் வீடுகளில் வைக்கிற கஞ்சி இருக்கிறதே, இஞ்சியும் உள்ளியும் றம்பையும் போட்டு, தடிமனுக்கு அதை மிஞ்சிய சாப்பாடு இல்லை என்றே சொல்வேன். கிண்ணியாவில் என்னோடு வேலை செய்த ஒரு தோழி நோன்பு காலத்தில் வாளியோடு கொண்டுவந்து வார்டுக்கே தருவார். உம்மாவுக்கு வைக்கும்போது அரிசியையும் தேங்காய்ப்பாலையும் குறைத்து இறைச்சியையும் மரக்கறியையும் கூட்டுங்கள், சீனி அவ்வளவாக ஏறாது. கொத்தமல்லித் தண்ணியைப் பனங்கட்டி கடிக்காமல் குடிக்கப் பழக்குங்கள். பனங்கட்டியும் சீனிதான்.

சாப்பாடு குறைந்த நாளில் சீனி மாத்திரையை எப்படிப் போடுவது என்று கிளினிக்கில் கேட்டு வையுங்கள். சாப்பிடாமல் மாத்திரை மட்டும் போட்டால் சீனி விழுந்துவிடும். சிறுநீரகப் பிரச்சினையும் இருந்தால் எவ்வளவு குடிக்கலாம் என்பதை டொக்டரே சொல்லவேண்டும்.

தடிமன் நேரம் கன்னியா வெந்நீரூற்றில் குளிக்கலாமா?
– பாலையூற்று

காய்ச்சல் இல்லை என்றால் குளிக்கலாம். ஏழு கிணற்றுத் தண்ணியும் உடம்புக்கு இதமாகத்தான் இருக்கும். தடிமனை அது மாற்றாது. பக்கத்தில் நிற்பவருக்கு உங்கள் தும்மல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், ஈரத்தலையோடு மோட்டார் சைக்கிளில் காற்றுக்கு எதிரே வரவேண்டாம்.

எட்டு மாதக் குழந்தைக்குத் தடிமன். கோழி சூப்பில் தேன் விட்டுக் கொடுக்கச் சொல்கிறார்கள். ஆவியும் பிடிக்கச் சொல்கிறார்கள். எனக்குப் பயமாக இருக்கிறது.
– மூதூர்

உங்கள் பயம் சரியான பயம் பிள்ளை. ஒரு வயது முடியும்வரை தேன் ஒரு சொட்டும் கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் வித்து குழந்தையின் குடலில் முளைத்து, நரம்பைச் சோரவைக்கும் நஞ்சை உண்டாக்கும். ஆவியும் வேண்டாம். கொதிதண்ணிச் சட்டி கவிழ்ந்து, தொடையும் வயிறும் வெந்து வந்த பிள்ளைகளுக்கு என் கையால் மருந்து கட்டியிருக்கிறேன். மாரி வந்தால் ஒன்றாவது வரும். அந்த அழுகை இன்னும் காதில் இருக்கிறது.

தாய்ப்பாலை அடிக்கடி கொடுங்கள், அதுதான் அதன் ரசம். சூப் கொடுப்பதென்றால் உப்பும் மிளகும் போடாமல், கோழியையும் கரட்டையும் குழைய மசித்துத் தடிப்பாகக் கொடுங்கள். வெறும் தெளிந்த தண்ணியாகக் கொடுத்தால் வயிறு நிரம்பும், சத்துப் போகாது. மூக்கடைப்புக்கு பாமசியில் விற்கும் உப்புத்தண்ணிச் சொட்டைப் பால் குடிக்க முன் விடலாம். சட்டையை உயர்த்தி, குழந்தை அமைதியாக இருக்கும்போது மூச்சை ஒரு நிமிடம் முழுதாக எண்ணுங்கள். 50 அல்லது அதற்கு மேல் என்றாலோ, விலாவுக்குக் கீழே உள்ளிழுத்தாலோ, பால் குடிக்க மறுத்தாலோ உடனே கொண்டுபோங்கள்.

எங்களுக்கு வாடைக்காலத்தில் தொழில் இல்லை. கோழி வாங்கிச் சூப் வைக்க எங்கே காசு? கரைவலையில் பட்ட சின்ன மீன், மீன் தலை இருக்கிறது. மீனில் வைத்தால் சளி கூடும் என்கிறார்களே, உண்மையா?
– திருக்கடலூர்

மீனால் சளி கூடாது அக்கா. மீன் ஒத்துக்கொள்ளாமல் உடம்பு தடிப்பவர்களைத் தவிர மற்ற எல்லாருக்கும் அது நல்ல சாப்பாடு. இலகுவாகச் செமிக்கும், புரதமும் கோழிக்குக் குறைந்ததல்ல. பிள்ளைப்பெற்றவளுக்கும் காய்ச்சலிலிருந்து எழும்பியவருக்கும் எங்கள் கரையில் காலம் காலமாகக் கொடுத்தது மீன் சொதியைத்தானே.

விளைமீன் தலையோ பாரைத் தலையோ இருந்தால் செவுளை முழுக்க எடுத்துவிட்டுக் கழுவுங்கள், செவுள் இருந்தால் ரசம் கைக்கும். மீன் கோழி மாதிரி இல்லை, நெடுநேரம் அவிந்தால் வெடுக்கு அடிக்கும். அதனால் முதலில் சரக்குத் தண்ணியைப் புளியோடு கொதிக்கவைத்து மணம் வந்தபிறகுதான் மீனைப் போடவேண்டும். சின்ன மீன் என்றால் ஏழெட்டு நிமிடம், தலை என்றால் கால் மணித்தியாலம். கரண்டி விட்டுக் கிண்டாமல் சட்டியைப் பிடித்து ஆட்டுங்கள். பிள்ளைகளுக்கு வடித்துக் கொடுங்கள், சூடையின் முள் நூல் மாதிரி. பெரியவர்களுக்கு இறக்கும்போது இரண்டு பச்சைமிளகாயைக் கீறிப் போடலாம்.

கடல் அமைதியாகித் தோணி இறங்கும் காலத்தில் ஓரா கிடைத்தால் இதே முறையில் வைத்துப் பாருங்கள். தேங்காயின் முதற்பாலை அரைக் கோப்பை கடைசியில் விட்டு, கொதிக்க விடாமல் இறக்கவேண்டும். தடிமன் இல்லாதவரும் சட்டியைத் தேடி வருவார்.